பத்து எண்ணும் வரை

மழைக்காலத்தில் அட்டை ஈரத்தைக் குடித்துவிட்டு மடிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். வெயில் ஏறினால் பசை கிண்ணத்திலேயே ஏடு கட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் வருஷத்தில் ஆறேழு வாரம் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கும். கேக் பெட்டி ஒட்டுகிற அந்தக் கூடத்தில் பதினோரு வருஷமாக நிற்கிறவளுக்கு, காலையில் உள்ளே வந்து மேலட்டையை ஒரு தடவை விரலால் சுண்டினாலே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும்.

கூடம் முன்பு லாரி நிறுத்துகிற கொட்டகையாக இருந்தது. நடுவில் தகரம் அடித்த நீள மேசை. பக்கத்துக்கு நாலு பேராக எட்டுப் பெண்கள். அச்சில் வெட்டுப்பட்டு வருகிற அட்டையை எடுக்க வேண்டும், மடிப்புக் கோடுகளை உடைக்க வேண்டும், காதுகளில் பசை தடவி மடித்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு அடுக்கு. பார்த்தால் குழந்தை விளையாட்டு மாதிரிதான் இருக்கும். அழுத்திப் பிடிப்பதில்தான் சூட்சுமம். பத்து எண்ணும் வரை கையை எடுக்கக் கூடாது. யாரும் வாய்விட்டு எண்ணுவதில்லை. பேசிக்கொண்டே இருப்பார்கள், கை அழுத்தும்போது பேச்சு நின்றுவிடும், பத்து ஆனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பேச்சு விக்கல் எடுத்தது போல இருக்கும். நாலு நாளில் அவர்களும் அப்படியே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒவ்வொருத்திக்கும் ஒரு எண் உண்டு. கட்டின் அடிப்பெட்டியில் பென்சிலால் அந்த எண்ணையும் தேதியையும் எழுதிவிட வேண்டும். இவள் மூன்றாம் எண். மேசையில் யாரும் எண் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கை வேகத்தால் இவளுக்கு 'மிஷின்' என்று பெயர். எதிரே நிற்கிற நான்காம் எண் 'ரேடியோ', காலையில் திறந்தால் சாயங்காலம்தான் அணையும். பக்கத்தில் ஆறாம் எண், கண்ணாடியக்கா. தடித்த கண்ணாடி போட்டும் மடிப்புக் கோட்டைக் கண்ணால் தேடாமல் விரலால்தான் தேடுவாள். எல்லோரிலும் நிதானம் அவள்தான்.

மிஷினுக்கு ஒரே பெண். மேலாண்மைப் பட்டப்படிப்பில் மூன்றாம் வருஷம். வீட்டில் அந்தப் படிப்பு மெல்ல மெல்ல உள்ளே நுழைந்து சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்திருந்தது. ஒருநாள் அப்பா இரண்டாவது தடவை சோறு கேட்டார். இரண்டாவது தட்டில் கிடைக்கிற திருப்தி முதல் தட்டைவிடக் குறைச்சலாகத்தான் இருக்கும் என்று மகள் விளக்கம் சொன்னாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் அவர். காலை ஐந்தரைக்கு வண்டி எடுத்தால் மதியம்தான் வயிற்றைக் கவனிப்பார். "இதை உங்க வாத்தியாரைப் பசியோட இருக்கறப்போ சொல்லச் சொல்லு," என்று சொல்லித் தட்டை நீட்டினார். அம்மா சிரித்துக்கொண்டே போட்டாள். சிரித்தாளே தவிர, மகள் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு வார்த்தையையும் உள்ளுக்குள் எங்கேயோ எடுத்து வைத்துக்கொண்டுதான் இருந்தாள். பகலில் அட்டையை அழுத்திப் பிடித்திருக்கிற நேரத்தில் அதில் ஒன்றை எடுத்துப் பார்ப்பாள். புரியாது. திரும்ப வைத்துவிடுவாள்.

கடைசி வருஷத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். ஏதாவது ஒரு வேலையிடத்துக்குப் போய், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளந்து அறிக்கை எழுத வேண்டும். மகள் நாலு கம்பெனி ஏறி இறங்கினாள், யாரும் உள்ளே விடவில்லை. அம்மாதான் முதலாளியிடம் கேட்டாள். இருபது பேர் வைத்து ஆரம்பித்து, கிராக்கி குறையக் குறைய எட்டுப் பேருக்கு வந்து நிற்கிற மனிதர் அவர். கெட்டவர் இல்லை, எப்போதும் எதையோ தொலைத்தவர் மாதிரியே நடமாடுவார். மூன்று நாள் வந்து அளந்துகொள்ளட்டும், ஆனால் அறிக்கையில் ஒரு பிரதி தனக்கு வேண்டும் என்றார். இலவசமாக யாராவது யோசனை சொன்னால் கசக்கவா செய்யும்.

மகள் வருவதற்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. அதைத் தப்பு என்று அப்போது அங்கே யாருக்கும் தெரியாது.

மிஷின் டப்பாவை மூடினாள். எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். பிறகு சொன்னாள், "நாளைக்கு என் பொண்ணு நம்மள வெச்சுத்தான் பரீட்சை எழுதப்போறா. கொஞ்சம் கையை ஓட்டுங்கடி. என் மானத்தைக் காப்பாத்துங்க."

"நாங்க வேகமாப் பண்ணா அவளுக்கு மார்க் வருமா?" என்று கேட்டாள் ரேடியோ.

"பின்னே? நிறைய வந்தா நிறைய மார்க். பரீட்சைன்னா அதுதானே."

"அப்ப மூணு நாளைக்கு என் வாயில பசை தடவிடு," என்றாள் ரேடியோ.

சொன்னபடியே செய்தாள். மூன்று நாள் அந்த மேசையில் பேச்சே இல்லை. தண்ணீர் குடிக்க யாரும் நகரவில்லை. குடித்தால் அடுத்து வேறொன்றுக்குப் போகவேண்டி வரும் என்று குடிக்காமலே இருந்தார்கள். மகள் கையில் போனும் அட்டையில் செருகிய தாளுமாக ஒவ்வொருத்தி பின்னாலும் நின்று எழுதிக்கொண்டாள். எடுக்க இத்தனை விநாடி, உடைக்க இத்தனை, தடவ, மடிக்க, அழுத்த, அடுக்க. அம்மாவின் பின்னால் வந்து நின்றபோது இவளுக்கு முதுகு கூசியது. வீட்டில் மகள் படிப்பதை இவள்தான் பின்னால் நின்று பார்ப்பாள். கை தானாக ஓடியது. பத்து எண்ணுகிற இடத்தில் ஐந்துதான் எண்ணினாள். எண்ணினாள் என்றுகூடச் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் சாயங்காலம் கை கழுவுகிற இடத்தில் கண்ணாடியக்கா இவளைத் தனியாகப் பிடித்தாள். முகத்தில் திருடி மாட்டிக்கொண்ட களை.

"தப்பா எடுத்துக்காதடி. எல்லாத்தையும் வேகமாப் பண்ணிட்டேன், அந்த அழுத்தறதை மட்டும் என்னால குறைக்க முடியல. பத்து ஆகாம கை வர மாட்டேங்குது. உன் பொண்ணு மார்க்கை நான்தான் இழுத்துட்டேன்."

"போக்கா, உன் ஒருத்தியால என்ன குறைஞ்சுடப்போகுது," என்றாள் மிஷின். சொல்லும்போது உள்ளே ஒரு சின்ன எரிச்சல் இருந்ததை அவள் பிற்பாடு பலநாள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் இரண்டு பேர் விடுப்பு. மற்றவர்களுக்கு விரல் கணுக்கள் வீங்கிக் கிடந்தன. மிஷின் வீட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என்ன என்று மகள் கேட்டாள். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

அறிக்கை புத்தகமாகி வந்தது. வளையக் கம்பி போட்டு, மேலே பளபளப்புத் தாள். முதல் பக்கத்தில் அம்மாவுக்கு நன்றி இருப்பதாக மகள் காட்டினாள். அம்மா அந்த வரியைத் தடவிப் பார்த்தாள். உள்ளே கோடும் கட்டமுமாக இருந்தது, அதற்கு மேல் அவள் போகவில்லை. கல்லூரியில் சிறந்த ப்ராஜெக்ட் என்று பொறுக்குகிற ஐந்தில் இதுவும் ஒன்று என்று சொன்னார்களாம். வெளிக் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து கேள்வி கேட்கிற வைவா மட்டும்தான் பாக்கி. அப்பா அன்று பஸ்ஸைத் துடைத்துக்கொண்டே அக்கம்பக்கத்து டிரைவர்களிடமெல்லாம் சொல்லி, கடைசியில் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள் கழித்து முதலாளி எட்டுப் பேரையும் நிறுத்தினார். கையில் அதே புத்தகம்.

ஒரு ஆள் மணிக்கு நூற்றைம்பது பெட்டி போடலாம் என்று இதில் அளந்து எழுதியிருக்கிறது, பதிவேட்டில் அந்த மூன்று நாள் போக நூற்றிப்பத்துக்கு மேல் ஒருநாளும் ஏறவில்லை என்றார். குரலில் கோபம் இல்லை. ஏமாந்தவரின் சோர்வுதான் இருந்தது. நேரத்தில் கால்வாசிக்கு மேல் வீண். காரணம் ஊக்கமின்மை, வேலை நேரத்தில் பேச்சு. எட்டுப் பேர் செய்கிறதை ஆறு பேரே செய்யலாம். பக்கத்தைப் புரட்டிப் புரட்டி வாசித்தார். அடுத்த மாதத்திலிருந்து ஆறு பேர் போதும். புதிதாகச் சேர்ந்த எட்டாம் எண் வேண்டாம். அளவில் எல்லோருக்கும் கீழே இருக்கிற ஆறாம் எண் வேண்டாம்.

"நான் சொல்லலம்மா," என்று மிஷினைப் பார்த்துச் சொன்னார். "உன் பொண்ணு எழுதியிருக்கு."

யாராவது திட்டியிருந்தால் தேவலை. ரேடியோகூட ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் போய் அவரவர் இடத்தில் நின்றார்கள். அட்டை எடுத்து உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடியக்கா பசையைத் தடவிக்கொண்டே, யாரிடமும் இல்லாத மாதிரி, இந்தக் கண்ணுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்று சொன்னாள். பிறகு அழுத்திப் பிடித்தாள். பத்து ஆனதும், "நான் அன்னைக்கே சொன்னேன்ல, மார்க்கை இழுத்துட்டேன்னு. அவ சரியாத்தான் அளந்திருக்கா," என்றாள்.

அன்று மதியம் டெலிவரி வண்டிக்காரர் பதினான்கு கட்டுகளைக் கொண்டுவந்து மூலையில் போட்டார். பெரிய பேக்கரி திருப்பி அனுப்பியது. வாடிக்கையாளர் கையிலேயே மூலை பிரிந்து கேக் தரையில் விழுந்ததாம்; இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்களாம். முதலாளி பசை விற்றவனைப் போனில் வைதுகொண்டிருந்தார்.

மிஷின் போய்க் கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அடியில் இருந்த தேதிகள் அந்த மூன்று நாளின் தேதிகள். எண்கள்: மூன்று, நான்கு, மூன்று, ஒன்று, ஏழு, மூன்று. பதினான்கில் ஐந்து இவளுடையது. பதினோரு வருஷத்தில் இவள் எண் போட்ட ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. இரண்டாம் தடவையும் புரட்டினாள். ஆறாம் எண் ஒன்றுகூட இல்லை.

அங்கேயே குந்திக்கொண்டாள். பசையில் குற்றமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் மூன்று நாள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் மகளுடைய புத்தகம் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் அக்கா போய்விடுவாள். இரண்டையும் எடை போட்டுப் பார்க்கிற அளவுக்கு அவளுக்குப் படிப்பில்லை. நாலு நாள் பேசாமல் இருந்தாள். அந்த வீட்டில் அவள் பேசாமல் இருப்பது புதிதல்ல. ஆனால் இந்த மௌனத்துக்கு ஒரு கனம் இருந்தது. அப்பா இரண்டு தடவை வீட்டிலிருந்த ரேடியோப் பெட்டியைப் போட்டுவிட்டு, தானே அணைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மகள் கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியில் வைவாவுக்குக் காட்டுகிற விளக்கப்படம் தயாரித்துக்கொண்டிருந்தாள். அம்மா கதவுப் பக்கம் வந்து நின்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் தான் கேட்டுக்கொண்டது, வாயைக் கட்டி நின்றது, ஐந்து எண்ணியது, பிரிந்து வந்த கட்டு, போகப்போகிற கண்ணாடியக்கா.

மகள் மடிக்கணினியை மூடினாள்.

"மூணு நாளும் நடிச்சீங்களா?"

"நடிக்கலடி. ஓடினோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எட்டுப் பேர்ல ஒருத்திக்குக்கூடத் தோணலையா? நான் என்னத்தைம்மா அளந்தேன்? காலேஜ்ல அஞ்சு பேர்ல ஒருத்தியா நிக்கறேன்."

அம்மா, தான் கேட்கவே போவதில்லை என்று நினைத்திருந்ததைக் கேட்டாள். "நாங்க பேசிக்கிட்டே இருக்கறதாலதான் வேலை ஆகலைன்னு எழுதியிருக்கியாமே. ஊக்கம் இல்லையாமே எங்களுக்கு."

மகள் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். அளந்ததற்கும் பதிவேட்டுக்கும் நடுவில் நாற்பது பெட்டி இடைவெளி இருந்தது அவளுக்கு அப்போதே தெரியும். அதற்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில், பாடப் புத்தகத்தில் அந்த அத்தியாயத்துக்கு நேராக இருந்த காரணங்களை எடுத்து வைத்தாள். கூடத்துக்குப் போய்க் கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவைக்கூடக் கேட்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கும்மா," என்றாள், தலையைத் தூக்காமல். "கடிகாரத்தைப் பார்த்து எழுதினா மட்டும் போதாது. அந்த ஆள் இயல்பா செய்யறாங்களா, அவசரப்படறாங்களா, சோம்பறாங்களான்னு பார்த்து அளக்கறவங்களே ஒரு மதிப்புப் போடணும். புஸ்தகத்துல இருக்கு. அவசரம்னு போட்டிருந்தா கணக்கு சரியா வந்திருக்கும். நான் எல்லாருக்கும் இயல்புன்னே போட்டுட்டேன்."

"ஏன்?"

"நீ முன்னாடி நிக்கற. உனக்கு நான் எப்படிம்மா மதிப்புப் போடறது?"

அப்பா சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு வழி சொன்னார்: கல்லூரிக்கு இருக்கிறபடியே இருக்கட்டும், முதலாளியிடம் மட்டும் போய் வாய்வார்த்தையாகச் சொல்லிவிடலாம், இரண்டும் கெடாது. மகள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஒரே புத்தகம்தான். அங்கே நிஜம், இங்கே பொய் என்று சொல்ல முடியாது. காகிதம் நிற்கிற வரைக்கும் அவர் காகிதத்தைத்தான் பிடித்துக்கொள்வார். பேராசிரியைக்குப் போன் போட்டாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரும்ப அளக்க நேரமில்லை, முடிவுரையை விலக்கிக்கொண்டு காரணம் எழுதிக் கொடு என்றார். ஐந்தில் ஒன்று என்கிற பேச்சு இனி இல்லை. வைவாவுக்கு வருகிறவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று தன்னால் சொல்ல முடியாது. மொத்தமாகவே தள்ளினாலும் தள்ளலாம். மகள் சரி என்றாள். போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். தொடவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு வந்து, தரையிலிருந்து சுவருக்கு ஏறும் வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை வேலை தொடங்குமுன் இருவரும் முதலாளியின் அறையில் நின்றார்கள். மகள், தான் அளந்தது இயல்பான வேகம் இல்லை, அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றாள். முதலாளி புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"சரிம்மா, வேகமாத்தான் பண்ணாங்க. மூணு நாள் முடிஞ்சது முப்பது நாள் முடியாதா? முடியும்னு தெரிஞ்சுபோச்சுல்ல?"

மகள் பதிவேட்டைக் கேட்டு வாங்கி விரித்தாள். அந்த மூன்று நாள் ஏறியிருந்தது. அடுத்த எட்டு நாள் இரண்டு பேர் விடுப்பும் வீங்கின விரல்களுமாக இறங்கியிருந்தது. மொத்தத்தையும் சேர்த்துப் பங்கு போட்டால் நூற்றிப்பத்தை எட்டவே இல்லை. முதலாளி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். உடம்பு பழகிவிடும் என்றார்.

அப்போது அம்மா முன்னால் வந்தாள். முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்த ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தாள். மூலை பிரிந்திருந்தது. திருப்பி அடியைக் காட்டினாள்.

"பசைக்காரரைத் திட்டாதீங்க சார். திரும்பி வந்ததெல்லாம் அந்த மூணு நாள் போட்ட பெட்டி. அதுல அஞ்சு கட்டு என்னோடது."

முதலாளி எண்ணைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவருக்கு அது நம்பச் சிரமமாக இருந்தது.

"பத்து எண்ணணும் சார். அன்னைக்கு நான் அஞ்சுதான் எண்ணுனேன். எல்லாருமே அப்படித்தான். அந்த அஞ்சுலதான் உங்க நாப்பது பெட்டி வந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். அவ்வளவு நீளமாக அந்த அறையில் அவள் பேசியதே இல்லை. "அக்கா மட்டும்தான் பத்து எண்ணுனா. அவளோட கட்டு ஒண்ணாவது திரும்பி வந்திருக்கான்னு பாருங்க. அவளைத்தான் வேண்டாங்கறீங்க."

முதலாளி எழுந்து போய்க் கட்டுகளைத் தானே புரட்டினார். பதினான்கையும். திரும்பி வந்து உட்கார்ந்து வெகுநேரம் கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். பெரிய பேக்கரி போய்விட்டால் ஆறு பேருக்கும் வேலை இருக்காது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புத்தகத்தை மகள் பக்கம் தள்ளினார்.

எட்டுப் பேரும் இருக்கட்டும் என்றார். இனி எந்தக் காலேஜும் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றார். திரும்பி வந்த பெட்டிகளை வேலை முடிந்தபிறகு நின்று ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலங்களில் அவர்கள் நின்றார்கள். எட்டாம் எண்ணையும் கண்ணாடியக்காவையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு பேரும் போகவில்லை. மூன்று நாள் மூடிக்கிடந்த வாய்க்கு வட்டியும் முதலுமாக ரேடியோ பேசினாள். அழுத்திப் பிடிக்கும்போது நிறுத்தி, பத்து ஆனதும் தொடர்ந்தாள். கண்ணாடியக்காவிடம் மிஷின் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. வெளிச்சம் அதிகம் விழுகிற தன் மூலையை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவள் இடத்துக்குத் தான் மாறிக்கொண்டாள். "இது எதுக்குடி இப்ப," என்றாள் அவள். நகர்ந்து நின்றுகொண்டாள்.

வைவா அன்று மிஷின் பாதி நாள் விடுப்பெடுத்து மகளோடு கல்லூரிக்குப் போனாள். மூன்று வருஷத்தில் அவள் அந்தக் கட்டடத்துக்குள் வருவது இதுதான் முதல் தடவை. நீள நடை. சுவரோரம் ஒரு பெஞ்சு. மற்ற பிள்ளைகள் பளபளப்பான புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். மகளுடைய புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் கிழிக்கப்பட்டு, காரணம் எழுதிய இரண்டு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டிக் கொடுத்தது அம்மாதான். வரிசையில் கடைசியாகத்தான் கூப்பிட்டார்கள்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஓர் ஆண் குரல், சலிப்பான குரல், எதையோ கேட்டது. மகள் குரல் கேட்கவில்லை. மறுபடி அந்தக் குரல் கேட்டது. மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார்கள், இவள் வரவில்லை. அம்மா கையைப் பிசைந்துகொண்டு, தன்னையறியாமல் எண்ணிப் பார்த்து, எத்தனையிலோ விட்டுவிட்டாள்.

மகள் வந்தபோது முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஃபெயில் போட்டுடுவாங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"பாஸ் போடுவாங்க. மார்க் குறைச்சலாத்தான் வரும்."

"ரொம்பக் கேட்டாரா?"

"ஒண்ணையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டாரு. அளந்தது தப்புன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது, எந்தப் புஸ்தகத்துல பார்த்தே, எந்த முறையில சரிபார்த்தேன்னு."

"நீ என்ன சொன்ன?"

"எங்கம்மா சொன்னாங்கன்னேன்."

நடையின் அந்தக் கோடியில் யாரோ நாற்காலிகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்கு அவரு?"

"எழுதிக்கிட்டாரு."